உப்புத் தக்கை

"தரையிறங்கவே வேண்டாத விமானம்னு சொல்றீங்க. அதோட அடிவயித்துல எதுக்கும்மா ஒரு ஓட்டை?"

கலியபெருமாள் மலைக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான். கையிலிருந்த பெட்டியைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

மருதவல்லி சிரித்தார்.

"பெட்டிய வைங்கண்ணே. கை வலிக்கும்."

அவர் வைக்கவில்லை.

மேகம் வீட்டுக்குள் வந்து போகும் மலை அது. உச்சியில் ஒரு நீளமான கொட்டகை. அதற்குள் ஒரு விமானம் நின்றது. ஒருநாளும் பறந்ததில்லை. ஆனால் காலையில் மேகம் முன்வாசலில் நுழைந்து பின்வாசல் வழியாகப் போகும்போது, மேகம் நிற்பது போலவும் விமானம் போவது போலவும் இருக்கும். அங்கே வேலை பார்த்தவர்கள் டீ டம்ளரோடு நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். டீ ஆறிவிடும்.

மற்ற விமானங்கள் எண்ணெய் தீர்ந்தால் இறங்கியாக வேண்டும். இதற்கு எண்ணெய் இல்லை, ஓர் உலை. உலைக்குள் உருகிய உப்பு. உப்பில் கரைந்த யுரேனியம். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு காற்று பின்னால் பாயும், விமானம் முன்னால் போகும். மாதக்கணக்கில் போகலாம் என்று கணக்கு சொன்னது.

உலை இன்னும் விமானத்தில் ஏறவில்லை. கொட்டகைக்குப் பக்கத்தில், கனத்த சுவருக்கு அந்தப் பக்கம், தரையில் வைத்துத்தான் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதைச் செய்தவர் மருதவல்லி. வேதியியல்காரர். நாற்பதுகூட ஆகவில்லை. கலியபெருமாளோ விமான எஞ்சின்களுக்கு நடுவில் தலை நரைத்தவர். அவர்தான் சீடர், இவர்தான் குரு. சீடர் 'அம்மா' என்பார், குரு 'அண்ணே' என்பார். மலையில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை.

*

"எல்லாரும் எரிபொருளக் கம்பி கம்பியா வைக்கிறாங்க. நீங்க ஏம்மா உருக்கி வைக்கிறீங்க?"

மருதவல்லி செய்தே காட்டினார். ஈரக்காற்று புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை வழியாகக் கைகளை விட்டார். யுரேனியம் கலக்காத வெறும் உப்பை எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டுச் சூடேற்றினார்.

படிகாரம் மாதிரி வெளுத்துக் கிடந்த கட்டி மெல்லக் குழைந்தது. பிறகு தண்ணீராகத் தெளிந்தது. கிண்ணத்தின் அடியிலிருந்த கீறல்கூடத் தெரிந்தது.

இடுக்கியால் கிண்ணத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். உப்பு அலைந்தது. கையை நிறுத்தினார். அலை அடங்கியது.

"விமானம் ஆடும்லண்ணே. கம்பின்னா விரிசல் விடும்," என்றார்.

*

அடுத்த நாள் கலியபெருமாள் அந்தப் பெட்டியைத் திறந்தார். உள்ளே அவரே செய்த ஒரு கருவி. உலையின் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும். அதைச் செய்ய அவருக்குப் பல வருஷம் ஆகியிருந்தது.

மருதவல்லி அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொம்ப அழகான வேலை. மேசைமேல் வைத்தார்.

"இங்க நின்னு பாருங்கண்ணே."

உலையின் சூட்டை வாங்கும் காற்றை அதிகமாகத் திறந்துவிட்டார். உப்பு குளிர்ந்தது, முள் இறங்கியது. கலியபெருமாளின் கை தானாகக் கருவியிடம் போனது. அதற்குள் முள் மேலே ஏறத் தொடங்கியிருந்தது. குளிர்ந்த உப்பு நெருங்கியது, நெருங்கியதால் எரிந்தது, போன சூடு திரும்பி வந்தது.

காற்றைக் குறைத்தார். உப்பு சூடேறி விரிந்தது. விரிந்ததும் தீ தணிந்தது.

"யாரும்மா அதுக்குச் சொன்னா?"

"யாரும் சொல்லலண்ணே."

அன்று மாலை அவர் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். கோபமா வருத்தமா என்று அவருக்கே தெரியவில்லை.

*

பிறகுதான் அந்த ஓட்டை எதற்கென்று அவருக்குக் காட்டினார்கள்.

உலையின் அடியில் ஒரு குழாய். குழாயின் நடுவில் கொஞ்சம் உப்பு உறைந்து, தக்கையாக அடைத்துக்கொண்டிருந்தது. அதை உறைய வைத்தது வெறும் காற்று. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு மின்விசிறி ஓடும். அதன் காற்று சுவர் வழியாகப் போய்க் குழாய்மேல் வீசும்.

"கரண்ட் போனா?"

"விசிறி நிக்கும். தக்கை உருகும். உப்பெல்லாம் கீழ இருக்கிற அகலமான தொட்டிகள்ல விழுந்துடும்."

"விழுந்தா?"

"சேந்திருந்தாத்தான் எரியும். பரவிக் கெடந்தா ஆறிடும்."

"ஒரு நல்ல எஃகு வால்வு போட்டிருக்கலாமே."

"அதத் திறக்க ஒரு ஆள் வேணுமேண்ணே. அந்த நேரத்துல அவருக்கு மனசு வரணுமே."

கலியபெருமாள் விடவில்லை.

"வானத்துல இருக்கப்ப உருகிட்டா? எஞ்சின் நின்னுடுமே."

"கீழ வர்றதுக்கு மண்ணெண்ணெய் எஞ்சின் இருக்கு."

கலியபெருமாளின் முகம் சுருங்கியது. கீழே வருவதைப் பற்றிப் பேசினாலே அவருக்கு அப்படித்தான் ஆகும்.

"அந்தத் தக்கையப் பாத்துக்கிற வேலை உங்களுக்கு," என்றார் மருதவல்லி.

*

ஒருநாள் காலை இருவரும் விமானி அறையில் உட்கார்ந்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் ஈயச் சுவர். முன்னால் கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே மேகம் போய்க்கொண்டிருந்தது. இல்லை, விமானம் போய்க்கொண்டிருந்தது. எதுவென்று இரண்டு பேருக்கும் கவலையில்லை.

"பறக்க ஆரம்பிச்சா எங்கண்ணே போகணும்?"

"எங்கயும் வேண்டாம்மா. இறங்காம இருந்தாப் போதும்."

"கீழ யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

மேகம் போய்க்கொண்டே இருந்தது.  இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் கலியபெருமாள் அழுதிருப்பார்.

*

கலியபெருமாள் தக்கையை ஒரு குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டார். விசிறி ஓடும் சத்தத்தில் தூங்கினார். சத்தம் மாறினால் எழுந்தார்.

பிறகு அவருக்குள் இருந்த எஞ்சின்காரர் சும்மா இருக்கவில்லை. விசிறியோடு ஒரு கைப்பிடியை இணைத்தார். பல்சக்கரம் வைத்தார். கரண்ட் போனாலும் கையால் சுற்றலாம். காற்று நிற்காது.

எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். மருதவல்லி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"நல்லா சுத்துதுண்ணே."

அதைப் பாராட்டு என்று கலியபெருமாள் நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும் ஆபிரகாமுக்கு அது சரியாகப் படவில்லை. மருதவல்லியைத் தனியாகப் பிடித்தார்.

"அதக் கழட்டச் சொல்லுங்கம்மா. உருகணும்னுதானே அந்தத் தக்கைய வச்சிருக்கு."

"கைப்பிடியக் கழட்டிடலாம் ஆபிரகாம். கை இருக்கே."

*

தலைநகரிலிருந்து செய்தி வந்தது. ஒரு குழு வருகிறது. அவர்கள் வரும்வரை உலை நிற்காமல் ஓட வேண்டும். நடுவில் நின்றுபோனால் மலையை மூடிவிடுவார்கள். விமானத்தைத் துண்டு துண்டாக வெட்டி இரும்புக் கடைக்கு ஏற்றுவார்கள்.

அன்றிலிருந்து கலியபெருமாள் விசிறிப் பக்கத்திலேயே சாப்பிட்டார்.

குழு வருவதற்கு முந்தின நாள், உச்சிவேளையில், மேகம் கறுத்து வந்தது. கொட்டகையில் விமானத்தின் மூக்கு மறைந்தது, பிறகு இறக்கைகள் மறைந்தன. எங்கோ ஒரு இடி. விளக்குகள் அணைந்தன.

ஆபிரகாம் ஜெனரேட்டரை இழுத்தார். இருமியது, நின்றது. மறுபடி இழுத்தார். மறுபடி இருமியது.

உப்பைச் சுற்றவிட்ட பம்புகள் நின்றன. விசிறி தளர்ந்தது.

கலியபெருமாள் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார்.

உலையின் தீ தானாகத் தணிந்துவிட்டது. ஆனால் தீ தணிந்தாலும் சூடு தணியாது. போக வழியில்லாமல் உள்ளேயே ஏறும். இருந்த ஒரே வழி அந்தத் தக்கை. அதை அவர் இரண்டு கையாலும் அடைத்துப் பிடித்திருந்தார்.

சுவரில் ஒரு முள். முள்ளுக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு. அதைத் தாண்டினால் உலைச்சுவர் தாங்காது. அது பிளந்தால் அந்த மலையில் மனிதர் நடமாட முடியாது.

முள் ஏறியது.

"விடுங்கண்ணே," என்றார் ஆபிரகாம். தோளைப் பிடித்து இழுத்தார். தோள் அசையவில்லை.

"ஜெனரேட்டரப் பாரு போ. நான் பிடிச்சுக்கறேன்."

"நீங்க பிடிச்சிருக்கிறதுதாண்ணே ஆபத்து."

அது அவர் காதில் ஏறவில்லை. ஆபிரகாம் மருதவல்லியிடம் ஓடினார்.

*

மருதவல்லி ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தார். முள்ளைப் பார்த்தார். கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் இடம் இருந்தது.

"தண்ணி குடிங்கண்ணே."

"கை ஒழியலம்மா."

டம்ளரை நீட்டியபடியே நின்றார். கலியபெருமாள் சுற்றினார். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவும் கை இல்லை.

"செங்கமலத்துக்குக் காய்ச்சல்," என்றார் திடீரென்று. கை நிற்கவில்லை. "என் சம்சாரம். அன்னிக்கும் கரண்ட் இல்ல. மத்தியானத்துலேருந்து விசிறிட்டே இருந்தேன். அவ கட்டிலத் தட்டி, 'போதும், இங்க வந்து உக்காருங்க'ன்னா. 'கரண்ட் வரட்டும், வர்றேன்'னு சொன்னேன்."

கைப்பிடி கிரீச்சிட்டது.

"கரண்ட் வந்துச்சும்மா. ஃபேன் சுத்துச்சு. விசிறியக் கீழ வச்சிட்டுத் திரும்பிப் பாத்தேன்."

கைப்பிடியை இன்னும் வேகமாகச் சுற்றினார்.

  மருதவல்லி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். டம்ளரைப் பக்கத்தில் வைத்தார். டம்ளருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தார்.

இப்போது ஒரு விரல்தான் இடம் இருந்தது.

கலியபெருமாள் முள்ளைப் பார்த்தார். வாசல் வழியே கொட்டகையைப் பார்த்தார். அங்கே விமானம் இல்லை, மேகம்தான் இருந்தது. பிறகு டம்ளரைப் பார்த்தார்.

"விட்டுட்டா நம்ம விமானம் அவ்வளவுதாம்மா."

"ஆமாண்ணே."

மருதவல்லி ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கலியபெருமாள் கைகளை எடுத்தார்.

கைப்பிடி தானாகக் கொஞ்சம் சுற்றியது. தயங்கியது. நின்றது.

முதலில் ஒன்றுமில்லை. முள் கோட்டைத் தொட்டு நடுங்கியது. ஆபிரகாம் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு சுவருக்கு அந்தப் பக்கம், ரொம்பக் கீழே, தாழ்வாரத்தில் தண்ணீர் சொட்டுவது போல ஒரு சத்தம். சொட்டு ஒழுக்கானது. ஒழுக்கு மழையானது. உப்பு இறங்கிக்கொண்டிருந்தது. மூவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மழை ஓய்ந்தது. முள் கோட்டை விட்டுக் கீழே வந்தது.

கலியபெருமாள் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தார். அதற்குள் மேகம் அறைக்குள் வந்துவிட்டிருந்தது. நீட்டிய கால் தெரியவில்லை. டம்ளரைத் தடவி எடுத்தார். பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது.

விளக்குகள் எரிந்தன. விசிறி ஒருமுறை முனகிவிட்டுச் சுற்றத் தொடங்கியது. அதன் காற்று வெறும் குழாய்மேல் வீசியது.

"கரண்ட் வந்துடுச்சுண்ணே," என்றார் ஆபிரகாம்.

கலியபெருமாள் எழவில்லை. மிச்சத் தண்ணீரைக் குடித்தார்.

"வரட்டும்," என்றார்.