தமயந்தி மேடையேறிய சனிக்கிழமை

"நான் எழுதற விளம்பரத்தை ஒரு புரோகிராமர்கூடப் படிக்க மாட்டேங்கறாங்க. ஏன் ரிஸ்வானா?"

கேட்டவள் தமயந்தி. பல வருஷம் பிஸ்கட்டுக்கு விளம்பரம் எழுதியவள். நாற்பதை நெருங்கும்போது துணிந்து அந்த வேலையை விட்டாள். கோயம்புத்தூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தாள்.

புரோகிராமர்கள் எழுதும் புரோகிராமில் தப்பு இருந்தால் கண்டுபிடித்துச் சொல்லும் கருவி ஒன்றை அந்தக் கம்பெனி செய்தது. அதை ஊருக்குச் சொல்லும் பொறுப்பு ரிஸ்வானாவுடையது. தமயந்தியைவிட வயதில் இளையவள். இந்தத் தொழிலில் மூத்தவள்.

ரிஸ்வானா விளம்பரத்தை வாசித்தாள். அதில் இருந்தது இவ்வளவுதான்: மின்னல் வேகம். இணையற்ற துல்லியம்.

"அக்கா, நம்ம கருவியை நீங்க ஓட்டிப் பார்த்திருக்கீங்களா?"

"நானா? நான் இன்ஜினியர் இல்லையே!"

"சனிக்கிழமை புரோகிராமர்கள் கூட்டம். மேடையில நமக்கும் கொஞ்ச நேரம் இருக்கு. நீங்கதான் பேசறீங்க."

இந்தக் கூட்டமும் சொதப்பினால் தன் வேலை நிலைக்காது என்று தமயந்திக்குத் தெரியும்.

"என்ன பேசறது?"

ரிஸ்வானா தன் லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினாள். கருவியை நிறுவும் முறையைச் சொல்லும் பக்கம் அதில் திறந்திருந்தது. எழுந்து டீ குடிக்கப் போய்விட்டாள்.

தமயந்தி அந்தப் பக்கத்தில் எழுதியிருந்த கட்டளைகளை அப்படியே தட்டினாள். சிவப்பு எழுத்தில் பிழை வந்தது. மறுபடி தட்டினாள். மறுபடி சிவப்பு.

கருவியை எழுதிய யுகேந்திரனிடம் லேப்டாப்போடு போனாள்.

"அதுக்கு முன்னாடி இன்னொரு வரி அடிக்கணுங்க. எல்லாருக்கும் தெரியுமே."

"எனக்குத் தெரியலையே!"

அவன் லேப்டாப்பில் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தான். அந்த வரி அங்கே இல்லை. தலையைச் சொறிந்தான்.

வரியைச் சேர்த்தாள். கருவி ஓடியது. ஒரு சின்ன புரோகிராமைக் கொடுத்துப் பார்த்தாள். எந்த இடத்தில் தப்பு என்று அது பளிச்சென்று காட்டியது.

"காட்டுதுடா! எனக்கே காட்டுது!"

மொத்த ஆபீசும் திரும்பிப் பார்த்தது.

ரிஸ்வானா வந்தபோது தமயந்தி அந்தப் பக்கத்தை முதலிலிருந்து திருத்தி எழுதிக்கொண்டிருந்தாள்.

"விளம்பரம் என்னாச்சுக்கா?"

"இருங்க, இதை முடிச்சுக்கறேன்."

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. தமயந்தி கும்பிடு போட்டுவிட்டு எடுத்த எடுப்பில் சொன்னாள்: "இதை நிறுவும்போது நான் ஓரிடத்துல மாட்டிக்கிட்டேங்க."

திரையில் அந்தச் சிவப்பு எழுத்தைக் காட்டினாள்.

"அங்கதான் நானும் விட்டுட்டுப் போயிட்டேன்!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். சிரிப்பு வெடித்தது. அவள் விட்டுப்போன வரியைக் காட்டினாள். லேப்டாப்புகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

தாடிக்காரர் ஒருவர் எழுந்தார். "பெரிய புரோகிராம்னா தாங்குமா?"

தமயந்தி ரிஸ்வானாவைப் பார்த்தாள். ரிஸ்வானா ஜன்னலைப் பார்த்தாள்.

"தெரியலீங்க" என்றாள் தமயந்தி. "உங்களோடதைக் கொண்டாங்க. இப்பவே பார்த்துடலாம்."

அவர் தன் லேப்டாப்போடு மேடையேறினார். கருவியை ஓட்டினார்கள். திரை அசையவில்லை. யாரோ இருமினார்கள். இன்னும் அசையவில்லை.

"மெதுவாத்தான் இருக்குங்க" என்றாள் தமயந்தி. "வேகம்னு எழுதியிருந்தேன். அதை இன்னைக்கே எடுத்துடறேன்."

அப்போது திரையில் ஒரு வரி வந்து நின்றது. தாடிக்காரர் குனிந்து படித்தார். இன்னும் குனிந்தார்.

"அடப்பாவி! இந்தத் தப்பைத்தான் ஒரு மாசமா தேடிக்கிட்டிருக்கேன்!"

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. விசில் பறந்தது.

தமயந்தி மேடையிலிருந்து இறங்கி வந்தாள். முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு.

"ரிஸ்வானா, நம்ம சரக்கு மெதுவா ஓடுதுன்னு மேடையிலயே சொல்லிட்டேன். திட்ட மாட்டீங்களா?"

"அப்புறம் திட்டறேன்கா. முதல்ல பின்னாடி பாருங்க."

தமயந்தி திரும்பினாள்.

திறந்த லேப்டாப்பைக் கையில் ஏந்தியபடி ஒரு வரிசையே அவளுக்காக நின்றிருந்தது.