நீலத்தின் விளிம்பில்

அநியாயம் நடந்தது வினோதாவுக்கு. கடலுக்கடியில் கட்டைவிரலை மேலே காட்டினாள் என்பதற்காக, படகில் எல்லார் முன்னாலும் அவள் கணவன் சேரன் அவளைக் குறுக்கு விசாரணை செய்தான்.

"மேலே போகலாம்" என்பதற்கு நீருக்கடியில் அதுதான் சைகை. யாரும் காட்டலாம். காட்டியதும் கூட இருப்பவரும் மேலே போயாக வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. சேரனுக்கு இது தெரியாதா? அந்தத் தீவில் மாஸ்டர் ஃபிலோமினாவிடம் மூன்று வருடமாக டைவிங் பழகுகிறான். புதிதாக வருபவர்களுக்கு அவனே இதைச் சொல்லிக்கொடுப்பான். மனைவி என்றால் மட்டும் சட்டம் வேறு போலிருக்கிறது.

"காத்து தீர்ந்துச்சா?"

"இல்ல."

"காது வலிச்சுதா?"

"இல்ல."

"பயந்துட்டியா?"

"தெரியல. வரணும்னு இருந்துச்சு, வந்தேன்."

"அங்க கடற்பசு மேஞ்சுட்டு இருந்துச்சு வினோதா. முதல் தடவையா பாக்கறேன். காரணம்னு ஒண்ணாவது சொல்லு."

"இனிமே உன்கூட இறங்க மாட்டேன். இதுக்கும் காரணம் வேணுமா?"

அவள் சிலிண்டரைக் கழற்றி வைத்தாள். நீர்மட்டத்தில் மிதந்தபடி மூச்சுவிட உதவும் மூச்சுக்குழலை மட்டும் வாயில் கவ்விக்கொண்டு, பவளத்திட்டின் மேல் ஆழமில்லாத தண்ணீரில் தனியே மிதக்கப் போய்விட்டாள்.

"மாஸ்டர், நீங்களே சொல்லுங்க. காரணமே இல்லாம ஒருத்தர் மேல வரலாமா?"

ஃபிலோமினா முகக்கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சிலிண்டரை மாட்டு," என்றாள்.

இருவரும் இறங்கினார்கள். பவளங்கள் மஞ்சளும் ஊதாவுமாக அவர்களுக்குக் கீழே கடந்துபோயின. மீன்கூட்டம் ஒன்று விலகி, அவர்களை உள்ளே விட்டு, மறுபடி மூடிக்கொண்டது. பிறகு திட்டு முடிந்தது. அதற்கப்பால் தரை இல்லை. நீலம் மட்டும் இருந்தது.

சேரன் அதன்மேல் மிதந்தான். தூக்கம் வருவதுபோல் இருந்தது. கீழே இருப்பது கடலா வானமா என்று பிடிபடவில்லை. தன் மூச்சின் சத்தம் வேறு யாரோ பக்கத்தில் தூங்குவதுபோல் கேட்டது. வலி இல்லை, பயமும் இல்லை. ஆனால் கை எழுந்தது. கட்டைவிரல் மேலே நீண்டது.

ஃபிலோமினா உடனே திரும்பினாள். அவனோடு மெல்ல மேலேறினாள். படகுக்கு அடியில், உடம்பு பழகுவதற்காக, நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். வெயில் துண்டுதுண்டாக அவர்கள்மேல் இறங்கியது.

படகில் ஏறியதும் அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ஈர உடையைப் பிழிந்தாள். சோறு ஆறியிருக்கும் என்றாள். அவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான்.

"கேக்க மாட்டீங்களா மாஸ்டர்?"

"எதை?"

"ஏன் மேல வந்தேன்னு."

"சொல்லணுமா?"

அவன் யோசித்தான். "சொல்லத் தெரியல."

"சரி. சாப்பிடு."

தூரத்தில் வினோதாவின் மூச்சுக்குழல் தெரிந்தது. குழலுக்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு, குப்புற மிதந்து, மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சாப்பிடவில்லை.

"மன்னிப்புக் கேட்டுட்டு, நாளைக்கு என்கூட இறங்குறியான்னு அவகிட்ட கேக்கலாமா மாஸ்டர்?"

ஃபிலோமினா சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தாள்.

"மாட்டேன்னு சொல்லிட்டு, உன் பக்கத்துலயே உக்காந்து அவ நிம்மதியா சாப்பிட முடியும்னா, போய்க் கேளு."