பத்தாவது கையெழுத்தும் ஒரு ஜோடிச் செருப்பும்

நொச்சிக்குளத்துச் சப்பாணிமுத்துவின் முகத்தை மறந்தவர்கள் இருக்கலாம். அவர் வாயை மறந்தவர்கள் கிடையாது. கருவேலங்குடிச் சட்டமன்றத் தொகுதியில் இதுவரை ஜெயித்த எம்.எல்.ஏ.க்கள் அத்தனை பேரையும் ஜெயிக்க வைத்தது தாம்தான் என்று நாற்பது வருஷமாகச் சொல்லி வந்தார். ஊரும் நாற்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்பதற்குக் காசா, பணமா?

போன மாதம் ஓய்வுபெற்ற தபால்காரர் இருளாண்டி சும்மா இருக்க மாட்டாமல் ஒரு வார்த்தை விட்டார். "ஏப்பா சப்பாணி, இத்தனை பேரை ஜெயிக்க வச்ச ஆளு, நீயே நின்னுட வேண்டியதுதானே?"

"நிக்கத்தான் போறேன்" என்றது சப்பாணிமுத்துவின் வாய். வாய் முன்னே போய்விட்டால் உடம்பு பின்னாலே போய்த்தானே ஆக வேண்டும்?

அப்படித்தான் அவர் கையில் வேட்புமனு வந்து சேர்ந்தது. சுயேச்சையாக நிற்கிறவருக்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒன்பது பேர் போட்டுவிட்டார்கள். பத்தாவதாகப் போடுவதாகச் சொன்னவன் விடியற்காலையிலேயே திருப்பூர் பஸ்ஸில் ஏறிவிட்டான். மனுக் கொடுக்க இன்றைக்குத்தான் கடைசி நாள். மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். கருவேலங்குடிக்குப் போக ஒரே வண்டி, பன்னிரண்டரை வண்டி. அதை விட்டால் செத்துச் சாம்பலாகும்வரை ஊர் சிரிக்கும்.

ஊர் மொத்தமும் நூறு நாள் வேலைக்குக் கண்மாய்ப் பக்கம் போயிருந்தது. மிச்சம் இருந்தது ஊர் எல்லைக்கு வெளியே, தார் ரோட்டோரம் இருந்த வேலுத்தாயின் மாவு மில் மட்டும்தான். அங்கே மூன்று பேர் இருந்தார்கள். கம்பு அரைக்க வந்த இருளாண்டி, மிளகாய் அரைக்க வந்த சோணைமுத்து, மில்லுக்காரி வேலுத்தாய். முதல் இரண்டு பேரும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள். இருளாண்டி வேடிக்கை பார்க்கும் ஆசையில் போட்டார். சோணைமுத்து எதைச் சொன்னாலும் நம்புகிறவன். அவன் நம்பிப் போட்டான்.

சப்பாணிமுத்து உள்ளே நுழையவும் மின்சாரம் போகவும் சரியாக இருந்தது. பெல்ட்டு படபடவென்று அடித்து ஓய்ந்தது.

"மதினி, ஒரே ஒரு கையெழுத்து" என்று பேப்பரை நீட்டினார்.

வேலுத்தாய் புருவத்தில் படிந்திருந்த மாவைத் துடைத்தாள். "போடறேன் கொழுந்தனாரே. எங்க வீட்டுக்காரரு செருப்பைக் கொண்டாந்து வையி, போடறேன்."

இது பழைய வழக்கு. நொச்சிக்குளத்தில் அய்யனார் எல்லைக்கல்லைத் தாண்டி யாரும் செருப்புக்காலோடு ஊருக்குள் வரக்கூடாது. ஓட்டுக் கேட்டு வருகிற வேட்பாளரும் கல்லடியில் கழற்றி விட்டுத்தான் வர வேண்டும். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தேர்தல் சமயம் வேலுத்தாயின் புருஷன் அங்கே கழற்றி விட்ட புதுச்செருப்பு காணாமல் போனது. அந்த மனிதர் அப்புறம் சாகிற வரைக்கும் வெறுங்காலோடுதான் நடந்தார். அன்றைக்குக் கல்லடியில் நின்றவர் சப்பாணிமுத்து.

"செருப்பை நான் எடுக்கலை மதினி. எவ்வளவு பெரிய ஆளு நான்! இந்தத் தொகுதிக்கு நான் செஞ்சதைக் கேட்டா நீங்களே கையெழுத்தை வீடு தேடி வந்து போடுவீங்க."

"கரண்டு வர்ற வரைக்கும் சொல்லு, கேக்கறேன். வந்துட்டா மில்லை ஓட்டணும்."

சப்பாணிமுத்து கம்பு மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"நான் ஓட்டு வேலை பாக்க ஆரம்பிச்சது எங்கம்மா வயித்துக்குள்ள இருக்கும்போது."

"ஆரம்பிச்சுட்டாரு" என்றார் இருளாண்டி.

"அந்தக் காலத்துல தேர்தல்ல நிக்கிற ஆளுக்கொரு பெட்டி வச்சிருப்பாங்க. எந்தப் பெட்டியில சீட்டைப் போடறதுன்னு எங்கம்மாவுக்குத் தெரியலை. நான் உள்ள இருந்து இடது பக்கமா ஒரு உதை விட்டேன். இடது பெட்டியில போட்டா. அந்த ஆளு ஒரு ஓட்டுல ஜெயிச்சாரு!"

"வலது பக்கம் உதைச்சிருந்தா?"

"வலது பக்கத்து ஆளு ரெண்டு நாள் முன்னாடியே வந்து எங்கம்மா வயித்தைப் பாத்துக் கும்பிட்டுட்டுப் போனாரு. எனக்கு அவரு கொள்கை பிடிக்கலை."

சோணைமுத்து பெருமூச்சு விட்டான். "அப்பவே பெரியப்பாவுக்கு அவ்வளவு விவரம்!"

"அப்புறம் வளந்து ஆளானேன். ஜீப்புல மைக் பிடிச்சேன். ஒரு நாள் மைக் ரிப்பேர். வெறும் தொண்டையில 'வாக்காளப் பெருமக்களே'ன்னு ஒரு குரல் கொடுத்தேன். நம்ம தொகுதி கேட்டுச்சு, பக்கத்துத் தொகுதி கேட்டுச்சு, கடலுக்கு அந்தாண்டை இலங்கையில கேட்டுச்சு. அங்க இருந்து ஒரு ஆளு எனக்குக் கடுதாசி போட்டான். 'அய்யா, உங்க ஆளுக்கு ஓட்டுப் போட ஆசைதான், வர்றதுக்குப் படகு இல்லை'ன்னு."

"முப்பத்திரண்டு வருஷம் இந்த ஊருக்குத் தபால் கொடுத்தவன் நான்" என்றார் இருளாண்டி. "உனக்கு ஒரு கார்டுகூட வந்ததில்லையே!"

"வந்தாத்தானே கொடுப்பீரு? நான் மறுபடி ஒரு குரல் கொடுத்தேன், பதிலுக்கு. அந்தக் காத்துல கடுதாசி திரும்பி இலங்கைக்கே போயிடுச்சு."

வேலுத்தாய் முறத்தால் விசிறிக்கொண்டாள். சிரிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தில் பன்னிரண்டு ஆகப் பத்து நிமிஷம். சப்பாணிமுத்துவுக்கு வேர்த்தது. கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டும் என்று தோன்றியது.

"ரத்தினவேலு நின்ன தேர்தல் ஞாபகம் இருக்கா? தோத்துடுவோம்னு பயந்து கிடந்தாரு. நான்தான் யோசனை சொன்னேன். 'அண்ணாச்சி, பேசாதீங்க, அழுங்க'ன்னேன். கண்மாய்க் கரையில நின்னு அழ ஆரம்பிச்சாரு. காலையில ஒன்பது மணிக்கு ஆரம்பிச்ச அழுகை, சாயங்காலம் ஆறு மணிக்கு நம்ம கண்மாய் நிறைஞ்சு மறுகால் போச்சு. மழையே இல்லாத வருஷம்! அந்தத் தண்ணியில ரெண்டு போகம் நெல்லு எடுத்தோம்."

"கண்ணீரு உப்புக் கரிக்குமேப்பா, நெல்லு எப்படி விளையும்?"

"அதனாலதான் அந்த வருஷம் முழுக்க யாரும் சோத்துக்கு உப்பே போடலை."

சோணைமுத்து தலையை ஆட்டினான். "நிஜம்தான். எங்கம்மா உப்பில்லாமத்தான் ஆக்கும்."

"உங்கம்மாவுக்கு ரத்தக் கொதிப்புடா" என்றார் இருளாண்டி.

"இன்னும் முடியலை" என்று சப்பாணிமுத்து எழுந்து நின்றுகொண்டார். உட்கார்ந்து சொல்கிற அளவைத் தாண்டிவிட்டது கதை. "மறுகால் தண்ணி ஓட்டுப்பெட்டியையே அடிச்சிட்டுப் போயிடுச்சு. சீட்டை எல்லாம் மீனு முழுங்கிடுச்சு. அதிகாரிங்க தலையில கையை வச்சுட்டு உக்காந்துட்டாங்க. நான் விடலையே! வலையை எடுத்தேன், ஒரே வீச்சு. ஆயிரத்து நூத்தி முப்பத்தேழு மீனு. எண்ணிக்கை மேசையில கொட்டினோம். விராலு பூராவும் ரத்தினவேலுவுக்கு. கெளுத்தி பூராவும் எதிராளிக்கு. அயிரை எல்லாம் சுயேச்சை."

"அதுல செல்லாத ஓட்டே இல்லையா?"

"ஒண்ணே ஒண்ணு. நண்டு முழுங்கினது. கொடுக்குல கிழிச்சிருச்சு. மறு எண்ணிக்கை கேட்டாங்க; அதுக்குள்ள குழம்பு கொதிச்சிருச்சு."

சோணைமுத்து கைதட்டினான். இருளாண்டியின் தோள்கூடக் குலுங்கியது. சப்பாணிமுத்து வெற்றிவீரர் மாதிரி பேப்பரையும் பேனாவையும் வேலுத்தாயின் முன்னால் வைத்தார்.

அவள் பேனாவைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் எழுதவில்லை.

"கொழுந்தனாரே, நல்லாத்தான் புளுகறே. ஆனா நாளைக்கு ஓட்டுக் கேட்டு வர்ற எல்லாப் பயலும் இதைத்தானே செய்யப் போறான்? எனக்கு ஒரு நிஜம் சொல்லு. இத்தனை வருஷ எலெக்‌ஷன்ல நீ கண்ணால பாத்தது, ஒண்ணே ஒண்ணு. நிஜம்னு என் மனசுக்குப் பட்டா கையெழுத்துப் போடறேன். செருப்பையும் விட்டுடறேன்."

 நிஜம் என்ற சாமானை எங்கே வைத்தோம் என்றே சப்பாணிமுத்துவுக்குத் தெரியவில்லை. பரண் மேல் ஏறி, சாக்கைத் தள்ளி, சட்டியை உருட்டித் தேடுகிறவர் மாதிரி மனசுக்குள் தேடினார். அடி மூலையில் ஒன்று கிடந்தது. யாரிடமும் சொல்லாதது. சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று அவரே மறைத்து வைத்தது.

"ஜெயிச்சதுக்கு அப்புறம்" என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார், "ஒரு எம்.எல்.ஏ. நம்ம ஊருக்குத் திரும்பி வந்தாரு."

 இருளாண்டி வெடித்தார். சிரித்துச் சிரித்துக் கம்பு மூட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"விராலு மீனு ஓட்டுப் போட்டதைக்கூட ஒத்துக்குவேன் சப்பாணி! இது தெய்வத்துக்கே அடுக்காது!"

சோணைமுத்துவின் முகம் சுண்டிவிட்டது. வாழ்நாளில் முதல் தடவையாக அவன் எதிர்த்துப் பேசினான். "பெரியப்பா, எதுக்கும் ஒரு அளவு வேணாமா? நானும் எவ்வளவுதான் நம்புறது?"

வேலுத்தாய் பேனாவை மூடி வைத்தாள். அதே நேரம் பல்பு எரிந்தது. கரண்டு வந்துவிட்டது. அவள் எழுந்து போய் ஸ்விட்சில் கை வைத்தாள். போட்டுவிட்டால் மில் இரைச்சலில் மனிதக் குரல் எதுவும் கேட்காது.

"செருப்புக்காக வந்தாரு மதினி!" என்று கத்தினார் சப்பாணிமுத்து.

ஸ்விட்சில் இருந்த கை அப்படியே நின்றது.

"நான் யாரையும் ஜெயிக்க வைக்கலை. எல்லாக் கட்சியும் எனக்குக் கொடுத்தது ஒரே வேலைதான். எல்லைக்கல்லுல செருப்புக் காவல். ரத்தினவேலு வந்த அன்னிக்கு இருநூறு ஜோடி கிடந்துச்சு. வெயிலு. கண்ணசந்துட்டேன். அவசரத்துல அவரு நம்ம அண்ணனோட புதுச்செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அவரோட பழசு கல்லடியில கிடந்துச்சு. ஜெயிச்ச நாலாம் நாளு காருல வந்தாரு. ஊருக்குள்ள வரலை. கல்லுகிட்ட இறங்கி, 'என் பழைய செருப்பு எங்கடா? அதுலதான் ராசின்னு ஜோசியர் சொல்றாரு'ன்னாரு. எடுத்துக் கொடுத்தேன். மாட்டிக்கிட்டாரு."

"எங்க வீட்டுக்காரரு செருப்பு?"

"கால்ல போட்டு வந்து கழட்டுனதைக் கையில வச்சுப் பாத்தாரு. கொடுப்பாருன்னு கையை நீட்டினேன். 'இதுவும்தானே என்னை ஜெயிக்க வச்சுது'ன்னு அதையும் காருல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. நான் கும்பிட்ட கையோட நின்னேன்."

வேலுத்தாய் மெதுவாகச் சொன்னாள். "அதுல ஒரு அடையாளம் இருக்கும்."

"இடது செருப்புல, உள்பக்கமா, சிவப்பு நூலு. இருநூறு செருப்புல மாறிடக் கூடாதுன்னு நீங்க தச்சது."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"ஒரு எம்.எல்.ஏ. திரும்பி வந்தாருன்னு சொன்னா நம்பியிருப்பீங்களா?"

வேலுத்தாய் ஸ்விட்சை விட்டுத் திரும்பி வந்தாள். பேனாவை எடுத்தாள். பத்தாவது இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் மாவு விரல் பதிந்தது.

"இதை மட்டும் எப்படித்தான் நம்புறே?" என்றார் இருளாண்டி.

"வந்து கொடுத்துட்டுப் போனாருன்னு சொல்லியிருந்தா பேனாவைத் தூக்கி எறிஞ்சிருப்பேன். வந்து இதையும் எடுத்துட்டுப் போனாருன்னுல்ல சொல்றாரு. நிஜம்தான்."

வெளியே பன்னிரண்டரை வண்டியின் ஹாரன் கேட்டது. சப்பாணிமுத்து பேப்பரை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அங்கே விட்டிருந்த செருப்பில் காலை நுழைத்தார்.

"நில்லு. அதைக் கழட்டு."

"வண்டி போயிடும் மதினி!"

"கழட்டி இங்கயே விட்டுட்டுப் போ. ஒருவேளை நீ ஜெயிச்சுட்டா? திரும்பி வர்றதுக்கு ஒரு காரணம் வேணும்ல."

அவள் ஸ்விட்சைப் போட்டாள். அதற்கு மேல் எந்த வாதமும் யார் காதிலும் விழ வழியில்லை.

சித்திரை வெயிலில் தார் ரோடு தோசைக்கல்லாய்க் காய்ந்து கிடந்தது. எழுபதை நெருங்கும் சப்பாணிமுத்து கொக்கு மாதிரி ஒரு காலும், தவளை மாதிரி இரண்டு காலுமாகத் துள்ளித் துள்ளிப் போய்ப் படியில் தாவினார். கண்டக்டர் அவர் காலைப் பார்த்தார்.

"என்ன பெரியவரே, செருப்பு எங்கே?"

சப்பாணிமுத்து மூச்சு வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். இரண்டு பாதத்தையும் மாற்றி மாற்றி ஊதிக்கொண்டார்.

"அதை ஏன் தம்பி கேக்கறே? தலையில வச்சுத்தான் பூஜை பண்ணுவோம்னு ஊரே சேந்து பிடுங்கி வச்சுக்கிச்சு."