கழுதை தோண்டின ஊத்து

பேருக்கு ஆறு, ஓடுறதெல்லாம் மணலுன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அங்கே சிலம்பாயின்னு ஒருத்தி, கைப்பிள்ளைக்காரி. ஊருக்கு வெளியே முள்ளுக்காட்டுல யாருக்கும் சொந்தமில்லாத கழுதைங்க திரியும். பொழுது சாயறப்ப ஆத்துல இறங்கி, குளம்பால மணலைப் பறிச்சுத் தண்ணி குடிச்சிட்டுப் போகும். விடிஞ்சதும் பொம்பளைங்க அதே பள்ளத்தை அகலமாக்கிச் சிரட்டையால மொண்டுக்குவாங்க.

அந்த ஊரு ராசா ஒருநாள் இதைப் பார்த்துட்டாரு. "நம்ம தண்ணியைக் கழுதை குடிக்கிறதா? கழுதை எச்சிலை நாம குடிக்கிறதா?" எதுக்குக் கோபம்னு அவருக்கே தெரியல, பாருங்க. கழுதை நுழையாம ஆத்தைச் சுத்தி முள்வேலி போட்டாரு, ஆளுங்க போய்வர மட்டும் காவலோட ஒரு வாசல். வேலியைத் தொட்டவங்க தலை தோள்ல நிக்காதுன்னாரு.

அப்புறம் காத்தடிச்சுப் பழைய பள்ளமெல்லாம் தூந்துபோச்சு. ஊரே தோண்டுச்சு, மணலு. இன்னும் தோண்டுச்சு, மணலு. இன்னும் தோண்டுச்சு, பாறை. சிலம்பாயிக்குப் பால் வத்திப்போச்சு. பிள்ளை அழுதா கண்ணுல தண்ணி வரல.

வேலிக் காவல்காரன் மூக்கன்கிட்ட அவ ஓடினா. "அண்ணே, ஒரு பக்கம் வேலியைத் திறங்க. கழுதைங்க வந்தாத்தான் தண்ணி இருக்கிற இடம் தெரியும்."

"கழுதை என்ன உனக்கு மாமன் மச்சானா?"

"மாமன் மச்சான் ஒருத்தனும் தண்ணி காட்டலையே அண்ணே."

மூக்கன் முகத்தைத் திருப்பிக்கிட்டான். பொழுது சாய, கழுதைங்க சத்தமில்லாம வேலியோரம் வந்து நின்னுச்சு. சிலம்பாயி முள்ளை இழுத்துப் போட்டா. கையெல்லாம் ரத்தம். கழுதைங்க அத்தனையும் அவளை உரசிக்கிட்டு இறங்குச்சு, மிதிச்சிடுமோன்னு பிள்ளையை இறுக்கிக்கிட்டா. இங்கே மோந்துச்சு, இல்ல. அங்கே மோந்துச்சு, இல்ல. ஆறு வளையிற இடத்துல பறிச்சுச்சு, மணல் கறுத்து ஈரம் கசிஞ்சுச்சு.

"பிடிங்கடா அவளை." ஆளுங்களோட ராசாவே வந்துட்டாரு. தண்ணியைப் பார்த்ததும் அவளை மறந்துட்டாரு. "முதல் தண்ணி எனக்கு" ன்னு கழுதைங்களை அடிச்சு விரட்டிட்டுப் பள்ளத்துல குதிச்சாரு. "ஆழமா வெட்டுங்கடா."

"ராசா, ஈர மணலு நேரா வெட்டினா நிக்காது, சரிவா அகலப்படுத்தணும்,"ன்னா சிலம்பாயி.

"நீ எனக்குச் சொல்றியா?"

வெட்டினாங்க. கரை சரிஞ்சுது. ராசாவுக்கு இடுப்பு மூடுச்சு, மாரு மூடுச்சு, கழுத்து மூடுச்சு. தூக்கிவிட ஆளுங்க கிட்டப் போனா இன்னும் சரியுது. கடைசியில மேலே தெரிஞ்சது தலைப்பாகை மட்டும்தான்.

கழுதைங்க தள்ளிப் போய் வேற இடத்துல பறிச்சுச்சு, குடிச்சுச்சு, விலகுச்சு. அப்புறம் சிலம்பாயி குனிஞ்சு, பிள்ளை வாயில சொட்டுச் சொட்டா விட்டா. பிள்ளை முழுங்குச்சு. மூக்கன் மீதி வேலியைப் பிடுங்கினான்.

அன்னையிலிருந்து அந்த ஊர்ல கழுதை குடிச்ச பிறகுதான் ஆளு. தண்ணியை வேலி போட்டு வச்சுக்கலாம்னு நினைச்சவரை மணலே வச்சுக்கிச்சு. ராசா மண்ணுக்குள்ள, கழுதை காட்டுக்குள்ள, பிள்ளை மடிக்குள்ள. கதை முடிஞ்சுது, கண்ணை மூடித் தூங்குங்க.