உப்பளத் தெருவுக்கு ஒரு பக்கம்

இருட்டிய பிறகு கடல் பக்கமிருந்து லாரி வருகிற மாதிரி ஓர் இரைச்சல் கேட்டது. அந்தப் பக்கம் ரோடே கிடையாது.

"கதவைத் தாழ் போட்டுடலாமா டீச்சர்?" என்றார் அருள்தாசன். அவர்கள் இருந்த புயல் பாதுகாப்பு மையத்தின் இணையப் பக்கம் அவர் செய்தது. பணி ஓய்வுக்குப் பிறகு, தன்னைவிட இருபது வயது இளையவளான ஜெசிந்தா டீச்சரிடம் கற்றுக்கொண்ட வேலை.

"உப்பளத் தெரு சகாயமேரி இன்னும் வரல. கையில மூணு மாசப் பிள்ளை. போனும் போகல."

ஜெசிந்தா லேப்டாப்பைத் திருப்பினாள். "இங்க பாருங்க. உப்பளத் தெரு டவர்லேர்ந்து ஒரே போன், நம்ம பக்கத்தை ஏழு தடவை கேட்டிருக்கு. ஒரு தடவைகூட பக்கத்தை இயக்குற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் போய்ச் சேரல."

அருள்தாசன் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். அந்தப் பக்கத்தில் வழிகாட்டும் வரைபடத்துக்காகப் பத்து நாள் உட்கார்ந்திருந்தார். ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால்தான் அதில் ஓர் எழுத்தாவது தெரியும். இல்லையென்றால் வெள்ளைத் திரை.

"அது ஓடாத பிரவுசருக்கு இந்தக் காலத்துல யாரு டீச்சர் மெனக்கெடுறா? நூத்துக்கு ஒருத்தர் இருந்தா அதிகம்."

"அந்த ஒருத்தர் பேரு என்ன அண்ணே?"

அருள்தாசன் லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினார்.

ஜெசிந்தா பக்கம் முழுவதையும் அழித்தாள். வெறும் எழுத்தில் தட்டினாள்: பாலம் மூழ்கிவிட்டது. ரயில் பாதை மேட்டின் வழியாக வாருங்கள். கதவு திறந்திருக்கிறது.

"இவ்வளவுதானா?"

"அவளுக்கு வேற என்ன வேணும்?"

எட்டாவது தடவை அந்த போன் கேட்டது. அப்புறம் கேட்கவே இல்லை.

"பேட்டரி போயிருக்குமோ?"

"நடக்க ஆரம்பிச்சிருப்பா."

காற்று கதவை அறைந்தது. தஞ்சம் வந்தவர்களில் நாலு பேர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "மூடித் தொலைங்கய்யா, பிள்ளைங்க நனையுது!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

"திறந்திருக்குன்னு எழுதிட்டேன்க்கா" என்றாள் ஜெசிந்தா.

முக்கால் மணி நேரம் கழித்து, தலையில் உரச்சாக்கோடு சகாயமேரி உள்ளே விழுந்தாள். மார்போடு மீன் ஐஸ் பெட்டி. அதற்குள் பிள்ளை, விரல் சூப்பிக்கொண்டு.

"நனையல" என்றாள். அதுதான் அவள் முதலில் சொன்னது.

அருள்தாசன் மூக்கை உறிஞ்சினார். "என் வரைபடத்தைத் தூக்கிப் போட்டுடலாம் டீச்சர்."

"எதுக்கு? நல்லாத்தானே செஞ்சிருக்கீங்க. எழுத்துக்குக் கீழ வைங்க அண்ணே. போய்ச் சேந்தா சேரட்டும்."

அவர் போய், கதவை உள்ளிருந்து தாழிட்டார்.