ஆறு திருகுகள்

"இதை அசையவே விடாம பண்ண ஒரு வழி சொல்லுங்க டீச்சர்" என்றார் லேம்பர்ட் கொரைரா.

டெல்பின் நிமிரவில்லை. வேறொரு கிதாரின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதை?"

"இந்த பிரிட்ஜை."

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. இருபத்தேழு வருஷம் கப்பலில், இன்ஜின் அறையில் இருந்தவர். அவளுக்கு முப்பத்து மூன்று. தூத்துக்குடியில், ஐஸ் பேக்டரிக்கு மேலே மாடியில் கிதார் பழுது பார்க்கிறாள். ஆறு மாதமாக அவர் அவளிடம் தொழில் படிக்கிறார். இப்போதெல்லாம் மத்தியானம் இரண்டு மணி நேரம்தான். அவர் மனைவிக்குத் துணையாக மைத்துனி வீட்டில் வந்து இருக்கும் நேரம் அவ்வளவுதான்.

மேசையில் ஒரு சிவப்பு எலெக்ட்ரிக் கிதார் கிடந்தது. கம்பிகளைத் தாங்கும் அதன் பிரிட்ஜ், கைப்பிடியை அழுத்தினால் முன்னால் சாயும், விட்டால் திரும்பும். சுரம் அலைபோல இறங்கி ஏறும். முன்பக்கம் ஆறு கம்பிகள் அதை இழுக்கின்றன. முதுகுக் குழிக்குள் மூன்று ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. நடுவில் அது நிற்க வேண்டும்.

"மூணு நாளா மல்லுக்கட்டுதேன். ஒரு கம்பியை ஏத்தினா மத்த அஞ்சும் இறங்குது. அதுகளை ஏத்தினா முதல்ல ஏத்தினது இறங்குது."

"அப்புறம் என்ன செஞ்சிய?"

"பின்னால ஸ்பிரிங்கை இறுக்கினேன்."

"எவ்வளவு?"

"போற வரைக்கும்."

"முன்னால, பிரிட்ஜை மரத்துல பிடிச்சிருக்க ஆறு திருகு?"

"அதையும் இறுக்கிட்டேன். லூசா இருந்துச்சு. ஆடிச்சு."

"இப்ப?"

"இப்ப சுருதி நிக்குது. ஆனா கைப்பிடியைத் தொட்டா போச்சு. போனது சரியா திரும்ப மாட்டேங்குது. அதான், குழிக்குள்ள ஒரு கட்டையைச் செருகிட்டா..."

"செருகலாம். நிறைய பேர் செய்யுதாங்க."

லேம்பர்ட்டுக்கு மூச்சு வந்தது. "அப்ப செருகட்டுமா?"

"கொண்டுவந்தவர் என்ன கேட்டாரு?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "அலை வரணும்னாரு."

அவள் மறுபடி கழுத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.

அப்போது அவருடைய போன் அடித்தது. மைத்துனி.

"எந்திரிக்கணும்னு சொல்லுதாளா? வேண்டாம். நான் வந்து பிடிச்சுக்கிடுதேன். அதுவரைக்கும் நாற்காலியை விட்டு இறங்க விடாத."

போனை வைத்தார். டெல்பின் துணியைக் கீழே வைத்தாள்.

"அக்காவுக்கு இப்ப எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"வலது கால்தான். வாதம் வந்து நாலு மாசம் ஆச்சு. வீட்டுக்குள்ள நடக்கலாம், நடக்கத்தான் வேணும்னு டாக்டர் சொல்லுதாரு. நான் இடுப்புல ஒரு துண்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்க வைக்கேன்."

"ம்."

"ஒரு தடவை விழுந்துட்டா. குளியலறையில. நான் அடுப்படியில நின்னேன். அந்தச் சத்தம்..."

கீழே பேக்டரியில் ஐஸ் கட்டிகள் சரிந்து விழும் ஓசை கேட்டது.

"இப்ப ரெண்டு வாரமா நான் கூப்பிட்டா நடக்கவே மாட்டேங்கா. துண்டை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கிடுதா. கால் மறுபடி இறுகுதுங்காரு டாக்டர்."

டெல்பின் திருப்புளியை எடுத்தாள். சிவப்புக் கிதாரைத் தன் பக்கம் இழுத்தாள்.

முன்னால் இருந்த ஆறு திருகுகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். பிறகு கிதாரைக் கவிழ்த்து ஸ்பிரிங்கைத் தளர்த்தினாள். கம்பிகளைச் சுருதி சேர்த்தாள். மறுபடி கவிழ்த்தாள். மறுபடி சேர்த்தாள். ஒன்றை ஏற்றும்போது மற்றவை இறங்கின. அவள் அலுத்துக்கொள்ளவில்லை. இறங்கியதை ஏற்றினாள், மறுபடி இறங்கியதை மறுபடி ஏற்றினாள். ஒவ்வொரு சுற்றிலும் இறங்குவது குறைந்துகொண்டே வந்தது.

கடைசியில் பிரிட்ஜ் மரத்தைத் தொடாமல், ஒரு தடித்த அட்டை நுழையும் இடைவெளியில் நின்றது.

அவள் கைப்பிடியை அழுத்தினாள். ஆறு கம்பிகளும் நூல் மாதிரித் தொய்ந்து தொங்கின. லேம்பர்ட்டின் கை தன்னால் நீண்டது.

"தொடாதிய."

விட்டாள்.

பிரிட்ஜ் ஒருமுறை அதிர்ந்து நின்றது. அவள் கம்பிகளை மீட்டினாள். சுருதி இருந்த இடத்துக்கே வந்திருந்தது.

லேம்பர்ட் குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தார்.

"அப்ப அந்த ஆறு திருகு எதுக்கு டீச்சர்? இறுக்கத்தானே திருகு?"

"திரும்பி வர இடம் விட்டுத்தான் போடணும்."

அவர் காதைக் கிட்டக் கொண்டுபோனார். "நாலாவது கம்பி ஒரு மயிரிழை இறங்கியிருக்கே."

"ஆமா. புதுக் கம்பி."

"எப்ப சரியாவும்?"

"போயிட்டுப் போயிட்டு வந்தாத்தான்."

அன்றைக்கு அவர் அரைமணி நேரம் முன்னதாகவே கிளம்பினார்.

வீட்டில் அவர் மனைவி பியாட்ரிஸ் கூடத்தில் நாற்காலியில் இருந்தாள். அவள் தங்கச்சியை லேம்பர்ட் அனுப்பிவைத்தார். கதவோரம் ஆணியில் அந்தத் துண்டு தொங்கியது. அதை எடுத்தார். பியாட்ரிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் அதை நாலாக மடித்து அலமாரிக்குள் வைத்து மூடினார்.

பியாட்ரிஸ் அலமாரியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

நாற்காலியின் கையை ஊன்றி அவள் எழுந்தாள். எழவே வெகுநேரம் ஆனது. முதல் அடி. வலது கால் தரையில் இழுபட்டது. இரண்டாவது அடி.

கூடத்தின் நடுவில் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். லேம்பர்ட் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விரல்கள் வெளுத்தன. அவள் சுவரில் கைவைத்து, நின்று, நிமிர்ந்தாள்.

வாசல்வரைக்கும் போய்விட்டாள். நிலையைப் பிடித்தபடி நின்றாள். கடல்காற்றில் அவள் நரைமுடி பறந்தது. தெருவில் ஒருத்தி மீன்கூடையோடு போனாள். நாலு மாதமாக அவள் பார்க்காத தெரு.

அவர் நாலடி தள்ளி நின்றார்.

"போதும் பியாட்டி. நான் வந்து கூட்டிட்டு வரட்டா?"

அவள் திரும்பவில்லை.

"நீங்க உள்ள போங்க" என்றாள். "நான் வருதேன்."

லேம்பர்ட் உள்ளே போய், வாசல் தெரியாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்.