நாற்பதாம் நாள் பிஸ்கோத்து

முன்பு மகரத்துறை என்கிற கடலோரத் தேசத்தைச் செண்பகராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் சொன்னதை மாலையில் மாற்றிவிடுவான். ஒன்றில் மட்டும் மாற மாட்டான்: சபையில் உட்கார்ந்தால் வாயில் பிஸ்கோத்து இருக்க வேண்டும். துறைமுகத்தில் அடுப்பு வைத்திருந்த மதலேனாள்தான் சுட்டு அனுப்புவாள். கப்பல் சமையல்காரனான அவள் புருஷன் அதைக் கற்றுக்கொடுத்துவிட்டுக் கடலோடு போய்விட்டான். அவளுக்கும் கைக்குழந்தைக்கும் மிச்சம் அந்த அடுப்புதான்.

ஆஸ்தானப் புலவர் ஆவுடைநாதருக்கு அவளைக் கண்டால் ஆகாது. ராஜா கறுக் கறுக்கென்று கடிக்கிற சத்தத்தில் அவருடைய பாட்டு பாதி காணாமல் போய்க்கொண்டிருந்தது. பெயருக்குப் பொருள் தெரியாத பண்டத்தை ராஜா வாயில் போடலாமா என்று ஒருநாள் கேட்டார். பொருளும் அவரே வைத்திருந்தார். பிசைந்து கொத்திச் சுடுவதால் அது பிசைகொத்தாம். நம் சொல்லைக் கப்பல்காரர்கள் திருடிக் கெடுத்துவிட்டார்களாம். சபை தலையாட்டியது.

மதலேனாள் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள்.

"அது கப்பல்காரங்களோட பழைய பாஷை, மகாராஜா. பிஸ்னா ரெண்டு தடவை, கோத்துன்னா வெந்தது. என் வீட்டுக்காரர் சொன்னது."

"கடலுக்குள்ளே போனவனைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாள்" என்றார் புலவர். எல்லாரும் சிரித்தார்கள்.

ராஜாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இருவரும் தங்கள் பொருள்படியே சுட்டுக் கொண்டுவர வேண்டும். தோற்றால் புலவருக்குப் பட்டம் போகும், அவளுக்கு அடுப்பு போகும் என்றான்.

புலவர் பிசைந்தார், கொத்தினார், நெய்விட்டு ஒருமுறை சுட்டார். பஞ்சுபோல வந்தது. மதலேனாள் ரொட்டியாகச் சுட்டு, துண்டு போட்டு, தணிந்த அடுப்பில் மறுபடி வைத்து ஈரம் போக உலர்த்தினாள். ராஜா இரண்டையும் தின்றுபார்த்தான். புலவருடையதுதான் ருசி என்றான். அடுப்பை இடிக்கக் கடப்பாரை கொண்டுவரச் சொன்னான்.

 மதலேனாள் குரலைச் சரிப்படுத்திக்கொண்டாள்.

"இது கப்பலுக்காகச் செஞ்ச பண்டம், மகாராஜா. கரை சேர நாப்பது நாள் ஆகும். ரெண்டையும் சாடியில போட்டு முத்திரை வையுங்க. அன்னைக்கு எதைத் திங்க முடியுதோ, அதுக்குத்தான் இந்தப் பேரு."

முத்திரை வைப்பது ராஜாவுக்குப் பிடித்த வேலை. சம்மதித்தான்.

நாற்பதாம் நாள் புலவரின் சாடியைத் திறந்ததும் சபையே மூக்கைப் பொத்தியது. உள்ளே பச்சைப்பசேலென்று பூஞ்சை. அவளுடையதை ராஜா கடித்தான். கறுக்.

"உம்முடையதை நீர் சாப்பிடும், புலவரே."

"இன்று எனக்கு உபவாசம், மகாராஜா."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். பட்டத்தைப் பறிக்கவில்லை. "இனிமேல் உம் பாட்டையும் நாற்பது நாள் சாடியில் போட்டு மூடும். கெடாமல் இருந்தால் இங்கே படியும்" என்றான்.

அடுப்பையும் அது இருந்த மனையையும் மதலேனாளுக்கும் குழந்தைக்கும் பட்டயம் போட்டுக் கொடுத்தான். கொடுக்கும்போது, பயமாக இல்லையா என்று கேட்டான்.

"பயம்தான், மகாராஜா. நாப்பது நாளும் பயம்தான். அதனாலதான் எதையும் ரெண்டு தடவை சுடறேன்."

ராஜா அடுத்த பிஸ்கோத்தை எடுத்தான். அன்றைக்குப் பாட்டு இல்லை. கடிக்கிற சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.